அச்சு தாங்கும்

தன் தம்பியைப் பொலிஸில் பிடித்துக்கொடுக்கக் கட்டின புருஷனே இப்படி மாடாய் உழைப்பான் என்று பூரணி கனவிலும் நினைக்கவில்லை.

செல்லசாமி டிராக்டருக்கு அடியில் சேற்றில் மல்லாந்து கிடந்தான். அது தோட்டத்துப் பழைய டிராக்டர். அதன் முன்னால் மண்ணள்ளும் வாளியைத் துரை போன மாதம்தான் பூட்டவைத்திருந்தார். அந்தப் பாரம் தாங்காமல் இன்றைக்கு முன்னச்சில் கீறல் விட்டுவிட்டது.

இரவு மழையில் மலை சரிந்து, ராகலைக்குப் போகும் ஒரே ரோட்டையும் மூடியிருந்தது. கால் வைத்தால் இடுப்பளவு புதையும் சேறு. சரிவுக்கு அந்தப் பக்கம் பொலிஸ் ஜீப் காத்துக்கொண்டிருந்தது.

கள்ளத்தோணியில் வந்த ஆட்களைப் பிடிக்க வந்தவர்கள். தாய் தகப்பன் போன பிறகு அக்காவே கதி என்று தோணியேறி வந்த சின்னராசாவைத்தான் தேடி வந்திருந்தார்கள். சிக்கினால் முகாமில் அடைத்து, வந்த கரைக்கே கப்பலேற்றிவிடுவார்கள். அக்கரையில் அவனுக்கு ஒரு வாய் சோறு போட ஆளில்லை.

அவனை லயத்து வீட்டுப் பரணில், விறகுக்குப் பின்னால் படுக்கவைத்துவிட்டுத்தான் பூரணி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்தாள். வந்த பெண்களையெல்லாம் கங்காணி கூடையோடு மண் சுமக்க இங்கே விரட்டிவிட்டார்.

அவள் டிராக்டருக்குப் பக்கத்தில் குனிந்தாள். "என்னங்க, அச்சு ஒடஞ்சு போச்சுன்னு சொல்லிட்டு சும்மா கெடங்க. பொலிசு பாத்துட்டுத் திரும்பிப் போயிரும்."

"ரோட்டத் தொறக்கணும் புள்ள."

"யாருக்காக?"

 செல்லசாமி தேயிலைப் பெக்டரிக்குப் பின்னால் கிடந்த தண்டவாளத் துண்டு ஒன்றை அச்சோடு அச்சாகச் சேர்த்து, போல்ட் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தான். 

பெக்டரி பிட்டர் மாயாண்டி டிராக்டரின் பின்பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தான். வாளியின் பாரத்துக்கு ஈடாகக் கல் நிரப்பும் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று, மூடி போட்டு அங்கே தொங்கியது.

"அண்ணே, வாளி நெறஞ்சா பின்சக்கரம் தூக்குது. மொத்தப் பாரமும் முன்னச்சுலதான் விழுது. பொட்டியில இன்னுங் கொஞ்சம் கல்லப் போட்டுருவோமா?"

"வேணாம். அச்சு தாங்கும்."

மாயாண்டி கேட்கவில்லை. ஒரு கூடைக் கல்லைத் தூக்கிக்கொண்டு போனான். செல்லசாமி அடியிலிருந்து பாய்ந்து வந்தான்.

"பொட்டியத் தொட்டே, கைய ஒடச்சிருவேன்!"

கல் போடுகிற நேரம்கூட வீணாகக் கூடாதாம். அத்தனை அவசரம் அந்த மகராசனுக்கு! பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிராக்டர் உறுமியது. வாளி மண்ணை அள்ளிப் பள்ளத்தில் கொட்டியது, திரும்ப வந்து அள்ளியது. அச்சு முனகும்போதெல்லாம், ஒடிந்து தொலையாதா என்று பூரணி முனியாண்டி சாமியை வேண்டினாள். அவர் காதில் விழவில்லை போலும்.

"ஒந் தம்பிக்கு நல்ல மச்சான்தான் வாச்சிருக்கான்," என்றாள் பக்கத்தில் கூடை சுமந்த வீரம்மா.

ஓராள் நடக்க வழி விட்டதும் பொலிஸ் சார்ஜன்ட் இந்தப் பக்கம் வந்துவிட்டார். நல்ல கனத்த உடம்பு. லயம் மேலே ரெண்டு மைல் என்று கேட்டதும் அவருக்கு நடக்க மனமில்லை.

"டிரைவர், இக்மன், இக்மன்! சீக்கிரம்! ஜீப் போகணும்!" என்று கையைத் தட்டி விரட்டினார்.

வாளி நிறைந்தது. பின்சக்கரம் மறுபடி மேலே எழும்பியது. சார்ஜன்ட் ஒரு கணம் பார்த்தார். பிறகு போய் அந்த இரும்புப் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார். சக்கரம் தரையில் பதிந்தது.

"இப்பச் சரி! ஓட்டு!" சார்ஜன்ட் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

செல்லசாமி மட்டும் சிரிக்கவில்லை. அந்தக் குளிரிலும் அவன் முகத்தில் வியர்வை வழிந்தது. பாவம் செய்கிறவனுக்கு வியர்க்கத்தானே செய்யும் என்று பூரணி பல்லைக் கடித்தாள்.

கடைசியில் வழி திறந்தது. சார்ஜன்ட் பெட்டியிலிருந்து குதித்து ஜீப்பில் ஏறினார். ஜீப் லயத்தைப் பார்த்து மேலே போக, வேடிக்கை பார்க்க மாயாண்டியும் கங்காணியும் பெண்களும் குறுக்கு வழியில் ஓடினார்கள். பூரணிக்கு அதைப் பார்க்க மனமில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செல்லசாமி டிராக்டரை ராகலைப் பக்கம் திருப்பினான். பூரணி எழுந்து குறுக்கே நின்றாள்.

"எங்க ஓடுறீங்க?"

"ராகலைக்கு. பட்டறையில அச்சப் பத்தவைக்கணும்னு தொரைகிட்டக் கேட்டுட்டேன்."

"எந் தம்பியப் புடிச்சுக் குடுத்துட்டு அச்சுக்கு வைத்தியம் பாக்கப் போறீங்களா? நீங்கல்லாம் ஒரு மனுசனா?"

கையில் கிடைத்த சேற்றை அள்ளி அவன் மேல் வீசினாள். அது அவன் நெஞ்சில் அடித்து வழிந்தது. அவன் துடைக்கவில்லை. ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கினான்.

"ஒம் மொகத்துக்கு மறைக்கத் தெரியாது புள்ள. அதான் சொல்லல."

"என்னத்தச் சொல்லல?"

"நீ பெரட்டுக்குப் போனதுமே பரணக் காலி பண்ணிட்டேன்." அவன் பின்பக்கம் போய், ஸ்பேனரால் பெட்டியின் மூடியை இரண்டு தட்டுத் தட்டினான்.

உள்ளேயிருந்து நசுங்கிய குரல் ஒன்று கேட்டது.

"அக்கா... அந்தத் தடியன் எறங்கிட்டானா?"