ஒரு மதியத்தில் இரண்டு வருடம்

அந்த அறிவியல் பள்ளியில் இடம் கேட்டு வரும் பிள்ளைகள் இப்போது நுழைவுத்தேர்வு எழுத வேண்டியதில்லை. பிள்ளையின் பிரதி ஒன்று கணினிக்குள்ளேயே விடுதியில் தங்கி, ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ இரண்டையும் படித்து முடித்துவிடும். அதற்கு ஒரு மதியம் போதும்.

ஷிஃபானா கேன்டீனில் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த நேரத்தில், அவளுடைய பிரதி இயற்பியலில் முதலிடம் வாங்கிவிட்டது.

"உங்க பொண்ணுக்கு சீட் உறுதி சார்," என்றார் சேர்க்கை அதிகாரி. "பிரதியை அழிச்சாத்தான் அட்மிஷன் கார்டு வரும். இதுல கைரேகை வச்சிருங்க."

காதர் மைதீனுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டைவிரலை நீட்டியவர், ஆசை தாங்காமல் கேட்டார்: "அவகிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கலாமா சார்?"

அதிகாரி சிரித்துக்கொண்டே ஒரு பொத்தானை அழுத்தினார்.

"வாப்பா?"

ஷிஃபானாவின் குரல்தான். ஆனால் கொஞ்சம் முதிர்ந்திருந்தது.

"ரெண்டு வருஷமா ஏன் வாப்பா பாக்க வரல? பெருநாளைக்குக்கூட வரல. உம்மாவும் வரல. ஃபர்ஸ்ட் வந்தா வருவீங்கன்னுதான் இப்படிப் படிச்சேன்."

காதர் மைதீன் அதிகாரியைப் பார்த்தார்.

"லீவு, வீடு இதெல்லாம் நாங்க உள்ள வைக்கறதில்ல சார்," என்றார் அவர். "மார்க்குக்கு அது தேவைப்படாது."

காதர் மைதீன் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார். திரைக்கு அருகில் குனிந்தார்.

"பெட்டியைக் கட்டும்மா," என்றார். "கூட்டிட்டுப் போகத்தான் வாப்பா வந்திருக்கேன்."