மேற்படி வாகனம்

"உங்க வண்டி மேல மறுபடியும் புகார் வந்திருக்கு."

நகராட்சி ஊழியர் சைக்கிளை விட்டு இறங்காமலே காகிதத்தை நீட்டினார். டிரைவர் அதைப் பிரிக்காமலே கேட்டார்.

"எதிர்வீடுதானே?"

"யாருன்னு நான் சொல்லக் கூடாது. ஆனா வேற யாரு எழுதப் போறா?"

ராணுவம் போதும் என்று ஏலம் விட்ட பழைய லாரி அது. ஆறு சக்கரம். பின்னால் தண்ணீர்த் தொட்டி டிரெய்லர். அதுவும் ராணுவத்தில் கழித்துவிட்டதுதான். குழாய் எட்டாத மேட்டுக் குடியிருப்புக்கு அதில்தான் தினமும் மூன்று நடை தண்ணீர் போகும். அந்த ஏற்றத்தில் மற்ற வண்டிகள் பாதி வழியிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடும்.

எதிர்வீட்டு அம்மா குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. தனி ஆள். வந்த வாரமே தெருவைத் தாண்டி வந்து, "தம்பி, பின் சக்கரத்துல எண்ணெய் கசியுது" என்றார்.

"பெரிய உடம்பும்மா, வேர்க்கத்தான் செய்யும்" என்று டிரைவர் சிரித்தார்.

அந்தம்மா சிரிக்கவில்லை. நான்காம் நாள் முதல் நோட்டீஸ் வந்தது.

'மேற்படி வாகனத்தின் இடது பின் சக்கரத்திலிருந்து எண்ணெய் கசிந்து தெரு அசுத்தமாகிறது. ஏழு நாட்களுக்குள் சரிசெய்யவும்.'

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே சக்கரத்தைக் கழற்றினார். ஆயில் சீல் கிழிந்து, எண்ணெய் பிரேக் வரைக்கும் இறங்கியிருந்தது. மாற்றினார்.

அடுத்த நோட்டீஸில், டிரெய்லருக்குக் கைபிரேக் இல்லாமல் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்துகிறாராம். போட்டார். அதற்கடுத்து, கொக்கி கழன்றால் தாங்கிப் பிடிக்கச் சங்கிலி இல்லையாம். வெல்டிங் பட்டறையில் ஒரு முழு நாள் போனது. பிறகு டயர். பிறகு பின் விளக்கு.

ஆறாவதாக வந்ததுதான் அவரை உட்கார வைத்துவிட்டது. 'வலது முன் சக்கரத்தில் நட்டு ஒன்று குறைகிறது.'

போய் எண்ணிப் பார்த்தார். குறைந்தது.

மனைவி அந்தம்மாவுக்கு 'மனு அம்மா' என்று பெயரே வைத்துவிட்டாள்.

"பொழுது விடிஞ்சா ஜன்னல்ல வந்து உக்காந்துக்கறாங்க. நம்ம வண்டிய விட்டா பாக்கறதுக்கு இந்தத் தெருவுல வேற ஒண்ணுமே இல்லையா?"

"நாம நல்லா இருக்கறது பொறுக்கல. வேறென்ன?"

இப்போது கையில் இருப்பது ஏழாவது. பிரித்தார்.

'பிரேக் போடும்போது காற்று வெளியேறும் சத்தம் முன்பைவிட நீளமாக இருக்கிறது. தெருவின் அமைதிக்குப் பங்கம்.'

"சத்தத்தோட நீளத்தைக்கூட அளக்கறாங்கடி!"

"ஜன்னல் ஓரமா டேப் வெச்சிருப்பாங்க" என்றாள் மனைவி.

கீழே இன்னும் இரண்டு வரி இருந்தது. 'தொடர் புகார்களின் பேரில் வரும் புதன்கிழமை வாகனம் நேரில் சோதிக்கப்படும். குறை கண்டால் ஓட்டத் தடை.'

லாரி நின்றால் மேட்டில் தொண்ணூறு வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. இந்த வீட்டில் அடுப்பு இல்லை.

அன்றே சாக்கை விரித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். மறுநாள் மத்தியானம்தான் கிடைத்தது. பிரேக்குக்குக் காற்று போகும் ஹோஸ், சட்டத்தோடு உரசும் இடத்தில் மயிரிழை போல ஒரு கீறல். பக்கத்தில் ரப்பர் உப்பியிருந்தது. விரலால் அழுத்தினார். புஸ்ஸென்றது.

இன்னும் எத்தனை நடை தாங்கியிருக்கும் என்று யோசித்தார். அந்த யோசனை போன இடம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை சோதனை அதிகாரி டார்ச்சோடு வந்து, இரண்டு மணி நேரம் குடைந்துவிட்டு எழுந்தார்.

"இவ்வளவு பழைய வண்டில ஒரு குறையும் இல்லாம இப்பத்தாங்க பாக்கறேன். யாரு உங்க மெக்கானிக்?"

"நான்தான் சார்" என்றார் டிரைவர் பெருமையாக.

கையெழுத்தின் மை காயும் முன்னே சான்றிதழோடு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

"நல்லாப் பாத்துக்கங்கம்மா. ஒரு குறை இல்ல. இனிமேலாவது பேனாவுக்கு ஓய்வு குடுங்க."

அந்தம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். முதல் வரியிலிருந்து முத்திரை வரைக்கும் நிதானமாகப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"டிரெய்லர் கொக்கியப் பூட்டற இரும்புப் பின்னைக் கழட்டிப் பாத்தாரா?"

டிரைவருக்குச் சுருக்கென்றது. அதிகாரி அதைத் தொடவே இல்லை.

"இதெல்லாம் உங்களுக்கு யாரும்மா சொல்லித் தராங்க?"

"என் வீட்டுக்காரர் இதே மாதிரி லாரிதான் ஓட்டினாரு. பின்னாடி இதே மாதிரி டிரெய்லர். மலைப்பாதைல."

"அட, நம்ம ஆளா! அப்ப எங்க கஷ்டம் உங்களுக்கே தெரியணுமே. நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க, எட்டு மாசத்துல ஏழு புகார் அடுக்குமா? அவரு வண்டி மேல மொத்தமா எத்தனை புகார் வந்திருக்கும்?"

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மடித்தார்.

"ஒண்ணுகூட வரல தம்பி. பிரேக் பிடிக்காம பள்ளத்துல உருண்டு போன அன்னிக்கு வரைக்கும், ஒருத்தர்கூட எழுதல."