கூப்பிடும் வாத்து

கார்த்திகை பிறந்த நான்காம் நாள் காலையில் ஏரிக்கு வடக்கே வானத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தன. கோரைக்குள் குத்தவைத்திருந்த பெருமாயன் மனைவி ஒச்சாயியின் முழங்கையைத் தொட்டான். "வந்துருச்சுக, பாரு." சேற்றில் முளையடித்துக் கட்டியிருந்த அவர்களுடைய காட்டு வாத்தால் மட்டும் பார்க்க முடியவில்லை. போன வருடம் அது வலையில் விழுந்த அன்றே ஒச்சாயி தன் தலைமுடியை ஊசியில் கோத்து அதன் இமைகளைத் தைத்துவிட்டாள். நூலில் தைத்தால் சீழ் வைக்கும். தைக்காமல் விட்டால் மனிதர்களைப் பார்த்து மிரண்டு வாயே திறக்காது. சிறகுச் சத்தம் கேட்டதும் அது கழுத்தை நீட்டிக் கரகரத்த குரலில் கூப்பிட்டது. ஒரு வருடமாகக் கூடைக்குள்ளிருந்து கூப்பிட்டுக் கிடைக்காத பதில் இப்போது மேலேயிருந்து வந்தது. கூட்டம் இரண்டு முறை வட்டமடித்து அதைச் சுற்றியே இறங்கியது. பெருமாயன் கயிற்றை இழுத்தான். வலை கவிழ்ந்தது.

உள்ளே எல்லாம் சிறகடித்துப் புரண்டு கத்தின. குருட்டு வாத்து மட்டும் பக்கத்தில் சிக்கிக் கிடந்த ஒன்றின் கழுத்தை அலகால் மெதுவாகக் கோதிவிட்டது.

"எப்பிடிக் கொஞ்சுது பாருங்க" என்றாள் ஒச்சாயி.

"கொஞ்சட்டும். தொண்டை போயிருச்சு அதுக்கு, இன்னைக்குக் கொழம்பு வச்சிரு. பக்கத்துல கெடக்கே ஒரு இளசு, அது நல்லாக் கத்துது. அத வச்சுக்குவோம்."

ஒச்சாயி அந்த இளசை எடுத்து மடியில் இடுக்கிக்கொண்டாள். குருட்டு வாத்து அது இருந்த இடத்தை அலகால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டது. மடியிலிருந்து பதில் வந்தது. அவள் கொண்டையை அவிழ்த்து, நரைக்காத முடி ஒன்றைத் தேடினாள்.