சத்தமில்லாத இடுக்கி

"அன்னைக்கு இழுத்த மாதிரியே இழுங்க" என்றாள் கீர்த்தனா.

தான் செய்த ஆபரேஷனில் ஒரு நோயாளி குடல் கிழிந்து இறந்ததிலிருந்து டாக்டர் ஸ்ரீஹரி கத்தியைத் தொடவில்லை. மனைவி கீர்த்தனா வடிவமைத்த இடுக்கியால் ஆட்டுக்குடலைப் பிடித்து இழுத்தார். இழுப்பு அளவை மீறினால் அதிலுள்ள மலிவான சென்சார் உணர்ந்து பஸ்ஸரைக் கத்த வைக்கும்.

சத்தமே வரவில்லை.

"அப்ப அவுக செத்தது என் கையால இல்லையா?"

"இல்லங்க. நாளைக்கு இதையே ஆபரேஷனுக்கு எடுத்துட்டுப் போங்க."

வெகுநாளைக்குப் பிறகு அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தார்.

கீர்த்தனா கணினியைத் திறந்தாள். அவர் இழுத்த வேகத்தைச் சென்சார் பதிந்திருந்த கோடு எல்லையைத் தாண்டிச் சிவந்திருந்தது. அதை அழித்தாள். காலையில் கழற்றி வைத்த பஸ்ஸரை இடுக்கியில் மறுபடி பொருத்தினாள்.

பிறகு, அன்று அவர் கையில் உயிர்விட்ட தன் அம்மாவின் படத்தின் முன் நின்றாள்.

"கோவிச்சுக்காதம்மா. அவரு தூங்கட்டும். நாளையிலிருந்து இது கத்தும்."