பெரிய மனசு

கனடாவின் ரெஜைனா நகர அரங்கில், பனித்தளத்தில் கனமான கல்லை மையத்துக்கு வழுக்கிவிடும் கர்லிங் விளையாட்டின் உலக ஆண்கள் இறுதிப் போட்டி. இரண்டு அணிக்கும் சம புள்ளிகள். கனடாவின் கடைசிக் கல் பனித்தளத்தில் வழுக்கிப் போய், ஸ்காட்லாந்தின் கல்லை விட மையத்துக்கு நெருக்கமாக நின்றது. கூரை அதிரக் கூட்டம் கத்தியது.

அப்போது, கல்லுக்கு முன்னால் பனியைத் தேய்த்தபடி ஓடிய கனடா வீரன் டார்சி கையைத் தூக்கினான்.

"என் துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு."

"டேய், யாருமே பாக்கலையேடா!" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவன் அணித்தலைவர்.

ஓடும் கல்லில் துடைப்பம் பட்டால் தவறு; இனி முடிவு எதிரணியான ஸ்காட்லாந்தின் அணித்தலைவர் லாக்லன் கையில். கல்லை அகற்றச் சொன்னால் கோப்பை அவருக்கு. இருக்கட்டும் என்றால் கனடாவுக்கு. ஏற்கெனவே மூன்று முறை இறுதிவரை வந்து தோற்றவர் அவர்.

லாக்லன் கல்லைப் பார்த்தார். கையை ஒருமுறை வீசினார்.

"விட்டுட்டாருய்யா! இவருதான்யா மனுசன்!" என்று கூவியது கூட்டம்.

டார்சி ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். எட்டாயிரம் பேர் எழுந்து நின்று ஐந்து நிமிடம் கைதட்டினார்கள்.

சாயங்காலம், வழக்கப்படி ஜெயித்தவர்கள் தோற்றவர்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்தபோது லாக்லனின் போன் அடித்தது. மனைவி மோரக்.

"ஊரே உன்னைக் கொண்டாடுது! பாதிரியாரோட ஞாயித்துக்கிழமை பிரசங்கமே உன்னைப் பத்திதானாம். எங்கிருந்துப்பா வந்துச்சு இவ்ளோ பெரிய மனசு?"

லாக்லன் ஓரமாக ஒதுங்கிக் குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத, மோரக். நான் 'எடுத்துடு'ன்னுதான்டி கையை வீசினேன்!"