இரண்டு முத்து

அந்த இரண்டு முத்துக்கும் துரைக்கண்ணு மனசுக்குள் போட்ட விலை இருபதாயிரம்.

“போன வாரந்தாண்ணே வந்துச்சு, முத்து ரெண்டும். அரிசி அளவுதான். கிட்டக்க வச்சு எடுத்தா கலங்காமத் தெரியணும்” என்றாள் மர்ஜியா. லப்பைக்குடிக்காட்டிலிருந்து கைக்குழந்தையோடு பெரம்பலூரில் இருந்த அவர் கேமராக் கடைக்கு வந்திருந்தாள்.

“இந்த டிஜிட்டல் கேமராவுல பூப்போட்ட பட்டன் இருக்கு பாரும்மா. அத அமுக்கினா எறும்பு மீசகூடத் தெரியும். படம் யாருக்கு?”

“துபாய்க்கு.”

“முத்து அங்கேருந்துல்ல இங்க வரும்! உள்ளூர்லயே நல்ல பார்ட்டி இருக்கு, பேசட்டுமா?”

“அய்யோ, விக்கிறதுக்கு இல்லண்ணே.”

அப்படிச் சொன்னால்தான் விலை ஏறும் என்பது துரைக்கண்ணுவுக்குத் தெரியாததா? “சரி, வெளிய எடு. இங்கேயே புடிச்சுப் பாப்போம்.”

மர்ஜியா குழந்தையின் கீழுதட்டை மெல்ல விலக்கினாள். ஈறில் இரண்டு பல் முளைத்திருந்தது.

துரைக்கண்ணு அசடு வழியப் பட்டனை அமுக்கினார். படம் பளிச்சென்று விழுந்தது.

“இவள அவங்க அத்தா இன்னும் பாக்கலண்ணே. லீவு கெடைக்கிறதுக்குள்ள எல்லாப் பல்லும் மொளச்சிடும்.”

“அதான் படம் போவுதே, தங்கச்சி.”

“படம் போயிடும். இவ வாயில வெரல வச்சு ஒரு கடி வாங்கணுமாம். அதுதாண்ணே அவங்களுக்குப் பாக்கி.”