கை தட்டாத அம்மா

வெம்பிளியில் நகுலேஸ்வரி வெங்காயம் வெட்டிக்கொண்டே தமிழ் வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். பேஸ்போல் பந்தை மைதானத்துக்கு வெளியே பறக்கவிட்டுப் பெயர் வாங்கிய ஜெஸ்ரின் ஓய்வு பெறுகிறானாம்.

“இவ்வளவு வருச விளையாட்டு. ஆருக்குத் தம்பி முதல் நன்றி?” அறிவிப்பாளர் கேட்டார்.

“அம்மாவுக்கு. ஒரு மட்ச் விடாமல் வருவா. ஆனா நான் எவ்வளவு தூரம் அடிச்சாலும் கை தட்டமாட்டா. வாயே திறக்கமாட்டா.”

“இதென்ன தாய்!” நகுலேஸ்வரி கணவரிடம் சீறினாள். “பெத்த பிள்ளைக்கு ஒருக்கா கை தட்டினா என்ன குறைஞ்சு போகும்?”

“கொஞ்சம் பொறும், பெடியன் சொல்லி முடிக்கட்டும்,” என்றார் விஜயரத்தினம்.

“எங்கட பந்துக்குள்ள மணி இருக்கு அண்ணை. கண் தெரியாத நாங்கள் அந்தச் சத்தத்தை வச்சுத்தான் விளையாடுறனாங்கள். ஆரும் கை தட்டினா அது கேக்காது. அம்மா பூசையில பாடினா மைக் தேவையில்லை. அப்பிடிப்பட்டவ எனக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருந்தவ.”

“அம்மாவும் இஞ்சதான் இருக்கிறா. ஏதும் சொல்லுங்கோவன் அக்கா,” என்றார் அறிவிப்பாளர்.

வானொலியில் ஒரு சோடிக் கைகள் மட்டும் தட்டத் தொடங்கின.

நகுலேஸ்வரி கத்தியைக் கீழே வைத்தாள்.

“தட்டு தாயே,” என்றாள் வானொலியைப் பார்த்து. “நல்லாத் தட்டு.”